நான்டக்கெட் விளக்குக் கப்பல் எல்.வி-112: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்குக் கப்பல் என்றால் என்ன?

கலங்கரை விளக்கம் கட்ட முடியாத கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி வைக்கும் கப்பல் இது. பாய்மர உச்சியில் விளக்கும், பனி மூடும்போது ஊதச் சங்கும், பிற்காலத்தில் ரேடியோ கருவியும் இதில் இருக்கும். மற்ற கப்பல்கள் எல்லாம் போவதற்காகக் கட்டப்படுகின்றன, இது மட்டும் நிற்பதற்காகக் கட்டப்பட்டது. 1936-ல் கட்டிய அமெரிக்க விளக்குக் கப்பலான எல்.வி-112-ன் (எல்.வி என்றால் லைட் வெசல், அதாவது விளக்குக் கப்பல்) எந்தப் பாகத்தைப் பார்த்து "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டாலும், பதிலைத் தேடிப் போனால் இந்த ஒரு வேறுபாட்டில்தான் வந்து நிற்கும்.

இந்த முறை எங்கே தொடங்கியது?

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள நோர் மணல்திட்டில், 1732-ல். அமெரிக்காவின் முதல் விளக்குக் கப்பல் 1820-ல் செசபீக் விரிகுடாவில் நின்றது. அதன் பிறகு 1952 வரை அமெரிக்காவில் மொத்தம் 179 விளக்குக் கப்பல்கள் கட்டப்பட்டன.

நான்டக்கெட்டில் ஒரு கோபுரத்தைக் கட்டியிருக்கலாமே?

நான்டக்கெட் தீவில் கோபுரங்கள் உண்டு. ஆபத்து இருந்தது தீவில் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அந்தத் தீவுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் கடலுக்கு அடியில் மணல்திட்டுகள் வெகுதூரம் பரவிக் கிடக்கின்றன. புயலிலும் நீரோட்டத்திலும் அவை இடம் மாறும். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் கப்பல்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். கரையில் எரியும் விளக்கு அவ்வளவு தொலைவுக்குத் தெரியாது. அதனால் 1854-ல் அங்கே விளக்குக் கப்பல் நிலையம் ஏற்படுத்தினார்கள். பிற்காலத்தில் அந்த நிலையம் தீவிலிருந்து சுமார் 40 கடல்மைல் வெளியே, ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அமெரிக்க விளக்குக் கப்பல் நிலையங்களில் கரையிலிருந்து இவ்வளவு விலகி, இவ்வளவு திறந்த கடலில் இருந்தது வேறில்லை. அட்லான்டிக்கைக் கடந்து வந்த லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவின் அடையாளமாக முதலில் கண்டது இந்தக் கப்பலின் வெளிச்சத்தைத்தான்.

நான்டக்கெட்டில் இதற்கு முன் நின்ற எல்.வி-117-ஐ விட எல்.வி-112 புதியது. எண் சிறியதாக இருக்கிறதே?

எண் வரிசையும் கட்டிய வரிசையும் ஒன்றல்ல. எல்.வி-117 கடலுக்கு வந்தது 1931-ல், எல்.வி-112 வந்தது 1936-ல். இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் இருப்பது கப்பலின் பெயர் அல்ல, அது காவல் நிற்கும் நிலையத்தின் பெயர். நிலையம் மாறினால் அதை அழித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவார்கள். மாற்றுக் கப்பலாகப் போய் நின்றால் "ரிலீஃப்" என்று எழுதுவார்கள். "நான்டக்கெட்" என்று எழுதிய பழைய புகைப்படம் கிடைத்தால், அது எந்த நான்டக்கெட் என்று எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்.வி-112-க்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை பின்னர் 534 என்ற எண்ணைக் கொடுத்தது.

எல்.வி-117-க்கு என்ன நடந்தது?

1934 மே 15 அன்று, கடும் மூடுபனியில், டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக் அதன் மீது மோதியது. 882 அடி நீளமும் 45,000 டன்னுக்கு மேல் கொள்ளளவும் கொண்ட பயணிகள் கப்பல் ஒரு பக்கம், 133 அடி நீளமும் 630 டன் எடையும் உள்ள விளக்குக் கப்பல் மறுபக்கம். எல்.வி-117 அங்கேயே மூழ்கியது. அதிலிருந்த 11 பேரில் 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் வாஷிங்டன் என்ற பயணிகள் கப்பல் அதன் பக்கவாட்டை உரசிவிட்டுப் போயிருந்தது.

ரேடியோ வழிகாட்டி இருந்தும் எப்படி மோதினார்கள்?

வழிகாட்டி இருந்ததும் ஒரு காரணம். விளக்குக் கப்பலின் ரேடியோ சமிக்ஞை அது இருக்கும் திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. கண்ணுக்கு எதுவும் தெரியாத பனியில் அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு வரும் கப்பலின் பாதை நேராக விளக்குக் கப்பலின் மேல்தான் போய் முடியும். சரியான நேரத்தில் ஒதுங்க வேண்டும், ஆனால் எப்போது ஒதுங்குவது என்று தெரிய வேண்டுமானால் தூரம் தெரிய வேண்டும். சங்கொலியைக் கேட்டு மதிப்பிடலாம் என்றால், காற்றில் ஒலி நேர்கோட்டில் போவதில்லை. எதிர்க்காற்றிலும், வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்று அடுக்குகளிலும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். ஒரு மைலில் கேட்காத சங்கு மூன்று மைலில் தெளிவாகக் கேட்பதுண்டு. மெலிதாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பது கடலில் உயிரைக் குடிக்கும் தவறு.

தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி அந்தக் காலத்திலேயே இருந்தது. ரேடியோ சமிக்ஞையையும் சங்கையும் ஒரே நொடியில் தொடங்கும்படி இணைத்துவிடுவார்கள். ரேடியோ உடனே வந்துவிடும், சங்கொலி பின்னால் வரும். இரண்டுக்கும் இடையிலான நொடிகளை 5.5-ஆல் வகுத்தால் தூரம் கடல்மைலில் கிடைக்கும். 22 நொடி என்றால் 4 கடல்மைல். ஆனால் இதற்கும் சங்கு காதில் விழ வேண்டும்.

எல்.வி-112-க்குப் பணம் கொடுத்தது யார்?

பிரிட்டன் அரசு, அந்த மோதலுக்கான இழப்பீடாக. செலவு 3,00,956 டாலர். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் இருந்த ப்யூசி அண்ட் ஜோன்ஸ் தளத்தில் கப்பல் கட்டப்பட்டது.

அளவுகள்?

நீளம் 148 அடி 10 அங்குலம், அகலம் 32 அடி, நீருக்குக் கீழே 16 அடி 3 அங்குலம், இடப்பெயர்ச்சி 1,050 டன். அமெரிக்காவில் கட்டிய விளக்குக் கப்பல்களிலேயே பெரியது.

மோதினால் மூழ்காமலிருக்க என்ன செய்தார்கள்?

எல்.வி-117-ஐ மூழ்கடித்த குறைகளுக்கெல்லாம் இங்கே பதில் வைத்தார்கள். உடல் இரட்டைச் சுவர் எஃகால் ஆனது. வெளித்தகடு கிழிந்தாலும் உள்தகடு நீரைத் தடுக்கும். உள்ளே 43 நீர்புகா அறைகள். ஓர் அறை நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகாது. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு வர ஆறு வழிகள் உண்டு. பழைய விளக்குக் கப்பல்களில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கப்பல் சாயும்போது ஒரு படிக்கட்டு தண்ணீருக்குள் போய்விட்டால், கீழே தூங்கிக்கொண்டிருந்தவன் ஏறி வர வேறு வழி வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பவர்கள் 43 என்ற எண்ணைத்தான் வியப்போடு சொல்வார்கள். எங்கள் கணிப்பில் அதைவிட முக்கியமானவை இந்த ஆறு படிக்கட்டுகள்.

நீர்புகா அறைக்கு ஒரு பலவீனம் உண்டு. கதவைச் சாத்தி வைத்தால்தான் அது நீர்புகா அறை. தடுப்புச் சுவரைத் துளைத்துக் குழாயோ மின்கம்பியோ போன இடத்தில் அடைப்பு தளர்ந்திருந்தால், அறை இருந்தும் இல்லாததே. பழைய கப்பல்களில் பிற்காலத்தில் கம்பி இழுத்தவர்கள் விட்டுப்போன துளைகள் ஏராளம். ஒவ்வொரு சுவரிலும் ஒருபக்கம் விளக்கைப் பிடித்து, மறுபக்கம் இருட்டில் நின்று வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை.

காளான் நங்கூரம் ஏன்?

சாதாரண நங்கூரத்துக்குக் கொக்கிபோல் கைகள் உண்டு. ஒரு கை மண்ணில் புதையும், இன்னொன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சில நாள் நிற்கும் கப்பலுக்கு அது போதும். மாதக்கணக்கில் நிற்கும் கப்பல் ஓதத்தோடும் காற்றோடும் சுற்றிச் சுற்றி வரும். சங்கிலி அந்த மேல் கையில் சுற்றிக்கொண்டு நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். கவிழ்த்த காளான் வடிவத்தில் சங்கிலி மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. எந்தத் திசையிலிருந்து இழுத்தாலும் ஒன்றுதான். கிண்ணம் மண்ணில் புதையப் புதையப் பிடி கூடும். 1807-ல் ஸ்காட்லாந்தின் பெல் ராக் கலங்கரை விளக்கக் கட்டுமானத்தின்போது நிறுத்திய விளக்குக் கப்பலுக்காக ராபர்ட் ஸ்டீவன்சன் உருவாக்கிய வடிவம் இது. எல்.வி-112-ன் நங்கூரம் ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ.

குறைகளும் உண்டு. போட்டவுடன் இதன் பிடி குறைவு, புதைவதற்கு நாளாகும். பாறைத் தரையில் பயன்படாது. நீண்ட காலம் கழித்துத் தூக்கும்போது சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அப்போது சங்கிலியை இழுக்கும் எந்திரமான விஞ்சைக் கண்மூடித்தனமாக முடுக்கக் கூடாது. சங்கிலியை நேர் செங்குத்தாக வரும்வரை இழுத்துப் பிடித்துவிட்டு, அலையில் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, ஏறி இறங்கும் விசையையே நங்கூரத்தைத் தளர்த்த விட வேண்டும்.

சங்கிலி எவ்வளவு நீளம் விடுவார்கள்?

ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது. சங்கிலி 15 பாகம் நீளமுள்ள துண்டுகளாக வரும். ஒரு பாகம் 6 அடி, ஆக ஒரு துண்டு 90 அடி.

கப்பலை நிறுத்துவது நங்கூரம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 அங்குலக் குறுக்களவுள்ள சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 57 கிலோ, தண்ணீருக்குள் 50 கிலோ. 60 மீட்டர் ஆழத்தில் 300 மீட்டர் சங்கிலி விட்டால், அமைதியான நாளில் 240 மீட்டர் தரையில் படுத்திருக்கும். அதன் எடை 12 டன். நங்கூரமோ 3 டன் சொச்சம். அலை அடித்துக் கப்பல் பின்வாங்கும்போது இந்தப் படுத்திருக்கும் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, ஸ்பிரிங்போல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கடைசிக் கண்ணியும் எழும்பிச் சங்கிலி விறைத்துவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு அலையும் சம்மட்டி அடிதான். சங்கிலி அறுவது அப்போதுதான்.

தேய்மானம் மூன்று இடத்தில்: சங்கிலி அணியத்தின் துளைவழியாக வெளியே வரும் இடம், தரையைத் தொட்டுத் தொட்டு எழும் இடம், முறுக்கு விழாமல் சுழலும் வளையம். முதல் இடத்துக்கு மருந்து, அவ்வப்போது ஒரு முழம் இரண்டு முழம் விட்டுக்கொடுத்து, உராயும் கண்ணியை மாற்றுவது. இரண்டாவதற்கு, சங்கிலியைக் கரைக்கு எடுக்கும்போது முன்பின்னாகத் திருப்பிப் போடுவது. கண்ணியின் குறுக்களவு 12 சதவீதம் குறைந்தால் தள்ளிவிட வேண்டும். கண்ணியின் நடுவை அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். தேய்வது ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு கோத்திருக்கும் வளைவில், அங்கே இரண்டு திசையில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

அணியத்தின் நடுவில் துளை ஏன்?

சங்கிலி நேர் நடுவிலிருந்து இறங்கினால் கப்பல் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். பக்கத்திலிருந்து இறங்கினால் முகம் ஒருபுறம் திரும்பி, அலை விலாவில் அடிக்கும், இழுவை சமமாகாது.

நின்றுகொண்டே இருக்கும் கப்பலுக்கு எஞ்சின் எதற்கு?

நிலையத்துக்குப் போகவும் திரும்பவும் வேண்டும். அதைவிடப் பெரிய வேலை புயலில். காற்று ஏறும்போது எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டிச் சங்கிலியின் மேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பார்கள். வேகத்தைக் கூட்டிவிட்டால் கப்பல் முன்னேறிச் சங்கிலி தொய்ந்து, அடுத்த அலையில் வெட்டி இழுக்கும். காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் ஏற்ப வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் எண்ணெயில் எரியும் கொதிகலன்களோடு 600 குதிரைத்திறன் நீராவி எஞ்சின் இருந்தது. 1960-ல் 900 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் வைத்தார்கள்.

கப்பல் நகர்ந்துவிட்டதை எப்படி அறிவார்கள்?

கரை கண்ணுக்குத் தெரியாது, சுற்றிலும் கடல். எனவே நிலையத்தின் அருகே தனி நங்கூரத்தில் ஒரு சின்ன மிதவையை விடுவது வழக்கம். மிதவைக்கும் கப்பலுக்கும் இடையிலான தூரம் மாறினால் சங்கிலியோ நங்கூரமோ கைவிட்டது என்று பொருள். பனியில் மிதவை தெரியாதபோது, ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டித் தரையில் இறக்கிக் கயிற்றைத் தளர்வாக விட்டுவைப்பார்கள். கப்பல் நகர்ந்தால் கயிறு முன்பக்கமாகச் சாய்ந்து இறுகும்.

நகர்ந்தது உறுதியானால் செய்ய வேண்டிய முதல் வேலை விளக்கை அணைப்பது. கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும், ஆனால் தவறான இடத்தில் எரியும் சரியான விளக்கு, விளக்கே இல்லாததைவிட ஆபத்தானது. அதோடு "நான் என் சரியான இடத்தில் இல்லை" என்று பொருள்படும் எல், ஓ கொடிகளையும் ஏற்றுவார்கள்.

எல்.வி-112-க்கு அப்படி நேர்ந்ததா?

1959 டிசம்பரில் ஒரு புயல் இதை நிலையத்திலிருந்து 80 மைல் தள்ளிக்கொண்டு போனது. 1954 செப்டம்பரில் எட்னா சூறாவளியில் காற்று மணிக்கு 110 மைல் வேகத்தில் வீச, சுக்கான் அறையின் ஜன்னல்கள் உடைந்து உள்ளே கடல் புகுந்தது.

கப்பல் தப்பியது கட்டுமானத்தால்தான். 1944 செப்டம்பர் 14 அன்று, மாசசூசெட்ஸ் கடலில் வினியார்ட் நிலையத்தில் நின்ற எல்.வி-73 சூறாவளியில் மூழ்கியபோது அதிலிருந்த 12 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கப்பல் ஆடும்போது விளக்கும் ஆடாதா?

ஆடும், அது பெரிய சிக்கல். ஒளிக்கற்றையைக் குறுக்கினால் தூரம் கூடும், ஆனால் கப்பல் சாய்ந்ததும் கற்றை ஒருபக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போய்விடும். இதற்கு இரண்டு வழி: விளக்கை ஊசல்போல் தொங்கவிட்டு நிமிர்ந்தே இருக்கச் செய்வது, அல்லது கற்றையை மேலும் கீழுமாக அகலமாக விட்டுத் தூரத்தில் கொஞ்சம் இழப்பது. எல்.வி-112 கட்டப்பட்டபோது இரண்டு பாய்மர உச்சியிலும் 500 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட மின்விளக்குகள் இருந்தன. ஆட்டத்தைக் குறைக்க விளக்குக் கப்பல்களின் விலாவின் அடியில் நீளவாக்கில் பக்க ஏராக்கள் எனப்படும் நீண்ட தகடுகளை வைப்பதுண்டு. அவை ஆட்டத்தை நிறுத்தாது, வேகத்தைத் தணிக்கும்.

போர்க்காலத்தில் எங்கே இருந்தது?

1942 முதல் 1945 வரை மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கும் பணியில்.

நான்டக்கெட் கூடைகள் இந்தக் கப்பலில் பின்னப்பட்டவையா?

இல்லை, அவை 19-ஆம் நூற்றாண்டில் அதே கடலில் நின்ற முந்தைய கப்பல்களின் கைவேலை. வட்டமான மரப் பலகை அடி, அதன் விளிம்பில் வெட்டிய காடிக்குள் செருகிய மரச் சிம்புகள், அவற்றின் ஊடே நெருக்கமாகப் பின்னிய பிரம்பு. மர அச்சின்மேல் கவிழ்த்துப் பின்னுவதால் ஒரே அளவில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வரிசையாகச் செய்ய முடிந்தது. 1900 வாக்கில் பணி நேரத்தில் கூடை பின்னுவதை அரசு தடுத்துவிட்டது. கைவினை மட்டும் தீவில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஏன் ஓய்வு கொடுத்தார்கள்?

எல்.வி-112 பணியை முடித்தது 1975-ல். நான்டக்கெட் நிலையமே 1983-ல் மூடப்பட்டு, பெரிய வழிகாட்டு மிதவை ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. மற்ற நிலையங்களில் கடலுக்குள் ஊன்றிய எஃகு மேடைகள் வந்தன. ஆளில்லாத மிதவைக்குச் சம்பளம் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அமெரிக்காவின் கடைசி விளக்குக் கப்பல் 1985-ல் ஓய்வு பெற்றது.

இப்போது எங்கே இருக்கிறது?

பல கைகள் மாறி, நியூயார்க் மாநிலத்தின் ஆய்ஸ்டர் பேயில் கிடந்த கப்பலை 2009-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைட்ஷிப் மியூசியம் 1 டாலருக்கு வாங்கியது. 2010 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்துக்கு இழுத்துவந்தார்கள். 1989-லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1 டாலருக்கு வாங்கிய கப்பலைப் பராமரிக்க ஏன் செலவு அதிகம்?

மிதக்கும் எஃகு ஒவ்வொரு நாளும் தேய்கிறது. மிக மோசமாக அரிப்பது நீர்மட்டக் கோட்டில், தகடு நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் ஒரு முழ அகலத்தில். அதற்கடுத்தது வெளியே தெரியாத இடம்: இரட்டைச் சுவருக்கு நடுவிலும் சங்கிலிக் கிடங்கிலும் தேங்கிய ஈரம். வெளியே புதுச் சிவப்புப் பெயின்ட் பளபளக்கும்போது உள்ளிருந்து தகடு காகிதமாகிக்கொண்டிருக்கலாம். ஆகவே கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தும் உலர்துறையில் ஏற்றும்போது மீயொலிக் கருவியால் கட்டம் கட்டமாகத் தடிமனை அளக்க வேண்டும். மூலத் தடிமனில் கால் பங்கு போயிருந்தால் தகட்டை மாற்றுவதே முறை. பெயின்டின் மேல் வைத்து அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

உடலில் பற்றவைத்த துத்தநாகக் கட்டிகள் எஃகுக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து காக்கின்றன. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அவற்றின்மேல் யாராவது பெயின்ட் அடித்துவிட்டால் அவை வேலை செய்யாது, இது அடிக்கடி நடக்கும் தவறு. கட்டிகள் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் கரையிலிருந்து வரும் மின்இணைப்பைச் சந்தேகியுங்கள். தரைக்கம்பி வழியாகக் கசியும் மின்சாரம் கப்பலைப் பக்கத்துப் படகுகளோடு சேர்த்து ஒரு பேட்டரியாக்கிவிடும். தனித்துப் பிரிக்கும் மின்மாற்றி வைத்தால் அது நிற்கும்.

பழைய பெயின்டில் ஈயமும், குழாய் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். சோதித்துப் பார்க்காமல் கிரைண்டரை எடுக்கக் கூடாது.

பார்க்கப் போனால் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் வெளியே நின்று அணியத்தின் நடுத்துளையைப் பாருங்கள். சங்கிலி உராய்ந்து வழவழப்பான விளிம்பு, இந்தக் கப்பல் எத்தனை ஆண்டு இழுத்து நின்றது என்று கையில் படும்படி காட்டும். பிறகு கீழ்த்தளத்தில் தங்கும் அறைகளுக்குப் போய், அங்கிருந்து மேல்தளத்துக்கு எத்தனை படிக்கட்டு வழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.